திராட்சைச் சீமையில் ஒரு சின்ன விடுதி: கன்னிவாடி அடிவாரத்தில் இரண்டு இரவு

திண்டுக்கல்லை விட்டு மேற்கே போகப் போக மலை கிட்ட வந்துகொண்டே இருக்கும். கன்னிவாடிக்கு வந்து சேரும்போது தெருக்கோடியில் வந்து நின்றுவிடும். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டு பாதையில் போய்விடுகிறார்கள், பழனிக்குப் போகிறவர்கள் ஒட்டன்சத்திரம் பாதையில் போய்விடுகிறார்கள். இரண்டு பாதைக்கும் நடுவே, கீழ்ப்பழனி மலையின் மடியில் கிடக்கிற ஊர் இது. ஒரு காலத்தில் மதுரை நாயக்கர் ஆட்சியின் பாளையங்களில் ஒன்று, இன்று ஒரு பேரூராட்சி. கன்னிவாடியிலிருந்து தருமத்துப்பட்டி, ஆத்தூர், சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம் என்று அடிவாரத்தை ஒட்டி வளைந்து போகும் பகுதிதான் இந்த அத்தியாயத்தின் களம்.

இந்தப் பகுதியில் பெரிய ஓட்டல் தேட வேண்டாம். தோப்புக்குள் நாலு அறை, அணைக்கரையில் ஐந்து அறை, தோட்டத்து வீட்டின் மாடியில் இரண்டு அறை என்று சின்னச் சின்ன விடுதிகள்தான் இதற்குப் பொருத்தம். பிரிட்டனிலிருந்து வந்த ஒருவர் ஆத்தூர் காமராஜர் அணைக்கரையில் தொடங்கிய கார்டமம் ஹவுஸ் போன்ற தங்குமிடங்கள்தான் இந்த அடிவாரத்தை முதலில் வெளிநாட்டுப் பயணக் கையேடுகளில் ஏற்றின. நம்மூர்க்காரர்கள் பலருக்கு இன்னும் இது தெரியாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சின்ன விடுதி என்றால் எவ்வளவு சின்னது?

பிரான்சின் திராட்சைக் கிராமங்களில் தோட்டக்காரர் வீட்டிலேயே தங்கும் வழக்கம் உண்டு. அதை 'சாம்ப்ர் தோத்' என்பார்கள், விருந்தினர் அறை என்று பொருள். அந்நாட்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட வீட்டில் 5 அறைக்கு மேல் விடக்கூடாது, ஒரே சமயத்தில் 15 பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. காலை உணவு வாடகையிலேயே சேர்த்தி. நம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்திலும் 6 அறை, 12 படுக்கைதான் உச்சவரம்பு, உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். எங்கெங்கோ இருக்கும் இரண்டு நாடுகள் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்து நின்றிருக்கின்றன. ஒரு குடும்பத்தின் அடுப்பும் நினைவும் தாங்கக்கூடிய அளவு அதுதான். பன்னிரண்டு பேர் வரை யாருக்குக் காரம் ஆகாது, யார் வீட்டுப் பெரியவருக்கு வெந்நீர் வேண்டும் என்று ஒருத்தர் மனதில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ரிஜிஸ்டர் வேண்டும்.

எனவே விடுதியைத் தேடும்போது உங்கள் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா?" என்பதாக இருக்கட்டும். குடியிருக்கிறார் என்றால் மற்ற குறைகளைப் பேசித் தீர்க்கலாம். காவலாளி மட்டும்தான் என்றால் எவ்வளவு அழகான படம் போட்டிருந்தாலும் யோசியுங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இந்த வகை விடுதிக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள். விருந்தாளி போலப் போனால்தான் அதன் முழுப் பலனும் கிடைக்கும்.

எப்போது போகலாம்?

திண்டுக்கல் மாவட்டத்தின் பன்னீர் திராட்சை பெரும்பாலும் சிறுமலைப் பக்கத்துச் சமவெளியில் விளைகிறது. கொடைரோடு, அம்மையநாயக்கனூர், ஜாதிகவுண்டன்பட்டி, வெள்ளோடு என்று ஊர்களின் பெயரைச் சொன்னாலே பழக்கடைக்காரர்களுக்குத் தெரியும். கன்னிவாடி மண் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், அவரை, முருங்கை, தென்னை, மா இவற்றுக்கானது. ஆகவே மலையடிவாரத்தில் தங்கி, ஒரு காலைப் பொழுதைத் திராட்சைத் தோட்டத்துக்கு ஒதுக்குவதே நல்ல ஏற்பாடு. இடையில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

பிரான்சில் திராட்சைக்கொடி குளிர்காலம் முழுக்க இலை உதிர்த்து உறங்கும், அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரையொட்டி வரும். நம் சமவெளியில் கொடியை உறங்கவைக்கும் குளிர் கிடையாது. இங்கே கொடியைத் தூங்கவைப்பதும் எழுப்புவதும் கவாத்துக் கத்தரிதான். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைக் குறியுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: முதல் பரிந்துரை. பழம் இருக்கும், காற்று இருக்கும், கோடையின் உக்கிரம் தணிந்திருக்கும்.

ஏப்ரல், மே: பழம் ருசியாக இருக்கும். ஆனால் திண்டுக்கல் வெயில் பதினோரு மணிக்கே ஆளை அறைக்குள் தள்ளிவிடும். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழைக் காலம். மலை பச்சை கட்டி நிற்கும், ஓடைகளில் நீர் வரும், அணை நிறையும், பறவைகள் கூடும். திராட்சைக்காக வராதவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

ஜனவரி, பிப்ரவரி: இரவில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ச்சி. பந்தலில் பழம் இருக்காது. கவாத்து முடிந்த கொடியில் புதுத் துளிர் விடுவதைப் பார்க்கலாம், தோட்டக்காரர்களிடம் அதைப் பற்றிப் பேசலாம்.

வந்து சேருவது

சென்னையிலிருந்து மதுரை, தென்மாவட்டங்களுக்குப் போகும் பெரும்பாலான ரயில்கள் திண்டுக்கல் சந்திப்பில் நிற்கும். அங்கிருந்து கன்னிவாடி சுமார் 20 கிலோமீட்டர், பஸ் வசதி உண்டு. ஆத்தூர் அணைப் பக்கம் தங்குகிறவர்கள் செம்பட்டி வழியாகப் போக வேண்டும். விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரைதான் பக்கம்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, விடுதிக்கு இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையாக இருக்கும். வழிகாட்டி வரைபடம் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். போனில் சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. பெரிய சாலையிலிருந்து எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில், எந்த வாய்க்கால் பாலத்தில் திரும்ப வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, இங்கிருந்து கொடைக்கானலுக்கும் ஏறுகிற எண்ணம் இருந்தால் 2024 மே முதல் அதற்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள்.

போனில் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

சின்ன விடுதிக்கு இணையத்தில் பணம் கட்டினாலும் ஒருமுறை போன் செய்து பேசுங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சிலேயே விடுதியின் குணம் தெரிந்துவிடும்.

1. மொத்தம் எத்தனை அறை, அன்றைக்கு வேறு யார் தங்குகிறார்கள்? ஒரு பெரிய கூட்டம் மீதி அறைகள் எல்லாவற்றையும் எடுத்திருந்தால் நீங்கள் தேடிப்போகும் அமைதி கிடைக்காது.

2. சமையல் யார்? வீட்டு அடுப்பா, வெளியிலிருந்து வாங்கித் தருவதா?

3. இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்?

4. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா, மின்விசிறி எவ்வளவு நேரம் ஓடும்?

5. வெந்நீர் சூரிய ஹீட்டரிலா, மின்சார ஹீட்டரிலா, விறகிலா? எந்த நேரம் கிடைக்கும்?

6. கழிவறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? முழங்கால் வலி உள்ளவர் வந்தால் தரைத்தள அறை கிடைக்குமா?

7. கொசுவலை உண்டா? அணைக்கரை விடுதிகளில் இதை அவசியம் கேளுங்கள்.

8. டிரைவர் தங்கவும் சாப்பிடவும் இடம் உண்டா? இதைக் கேட்காமல் வந்து, டிரைவரை வண்டிக்குள் படுக்கவைக்கிறவர்கள் அதிகம். நாள் முழுக்க நம்மைச் சுமந்து வருகிறவருக்கு நாம் செய்யக்கூடாத காரியம் அது.

மூன்றாவது கேள்வியின் அருமையை நான் அனுபவத்தில்தான் கற்றேன். அடிவாரத்து விடுதி ஒன்றுக்கு இரவு ஒன்பதரைக்கு, சாப்பாட்டுக்குச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். வீடு படுத்துவிட்டது. வீட்டம்மா எழுந்து வந்து, "முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சோறாக்கி வச்சிருப்பேனேய்யா" என்று சொல்லிக்கொண்டே ரசம் வைத்து, அப்பளம் சுட்டுப் போட்டார். அந்த ரசத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்தார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து எங்கே போனாலும் மதியத்துக்குள் இரவுச் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாடு

சின்ன விடுதியில் மெனு அட்டை கிடையாது. பிரெஞ்சுக் கிராம வீடுகளிலும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே சமையல், வீட்டுக்காரரும் கூடவே உட்காருவார். நம்மூரில் வீட்டுக்காரர் நம்மோடு உட்கார மாட்டார், பரிமாறிக்கொண்டே நிற்பார். சாப்பிட்டு முடித்ததும் அவரையும் உட்காரச் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள்.

இங்கே வந்து வடநாட்டுப் பனீரும் நூடுல்ஸும் கேட்காதீர்கள். கேட்டால் செய்துதருவார்கள், ஆனால் அது அவர்கள் கைக்கு வராத சமையல். அன்றைக்குத் தோட்டத்தில் என்ன பறித்தார்கள் என்று கேளுங்கள். அவரைக்காய்ப் பொரியல், மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரை, கம்பங்கூழோடு சின்ன வெங்காயம், சோளப் பணியாரம், நாட்டுக்கோழிக் குழம்பு, அணை மீன் என்று அந்த மண் கொடுப்பதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நாட்டுக்கோழி வேண்டுமென்றால் காலையிலேயே சொல்ல வேண்டும், கோழியைப் பிடிப்பதில் தொடங்குகிற வேலை அது. காபி குடிக்கிறவர்கள் மலைக்காபித் தூள் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மேலே பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடிப் பக்கங்களில் காபியும் மிளகும் விளைகின்றன. தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

சீரகச் சம்பா அரிசியில் செய்யும் திண்டுக்கல் பிரியாணியைத் தவறவிட மனமில்லாதவர்கள், திரும்பும் நாளில் திண்டுக்கல் நகரத்தில் சாப்பிடுங்கள். விடுதிக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனால், உங்களுக்காக உலை வைத்தவரின் முகம் வாடிவிடும்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. திராட்சைச் சீமை என்றதும் ஒயின் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே விளைவது பெரும்பாலும் பழமாகத் தின்னவும் சாறு பிழியவும்தான். உரிமம் இல்லாத விடுதி மது பரிமாறக் கூடாது, அவர்களை வற்புறுத்தாதீர்கள். பழுத்த பன்னீர் திராட்சையைத் தோலோடு நசுக்கி, வடிகட்டி, பானைத் தண்ணீர் கொஞ்சம் கலந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்துப் பாருங்கள். அந்த மதியத்துக்கு வேறொன்றும் வேண்டியிருக்காது.

பந்தலுக்குள் ஒரு காலை

திராட்சைத் தோட்டத்துக்கு விடிந்ததும் போய்விட வேண்டும். பழம் வெட்டுகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் வேலையை முடித்துக்கொள்வார்கள். கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படரவிட்ட பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் வெளிச்சமே பச்சையாக மாறிவிடும். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கருநீலம். பிரான்சில் கொடிகளை வரிசை வரிசையாக இடுப்பளவில் நிறுத்தி வளர்க்கிறார்கள். நம் வெயிலுக்குப் பந்தல்தான் சரி. கொடியே கூரையாகித் தன் பழத்துக்குத் தானே நிழல் கொடுத்துக்கொள்கிறது.

இந்தத் திராட்சைக்கும் பிரான்சுக்கும் இரண்டு பழைய உறவுகள் உண்டு. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மதுரைச் சீமைக்குத் திராட்சைக்கொடியைக் கொண்டுவந்தார் என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பன்னீர் என்று நாம் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. கடித்தால் பன்னீர் மணக்கும், அதனால் அந்தப் பெயர். மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இரண்டாவது உறவை நீங்கள் தோட்டத்திலேயே கண்ணால் பார்க்கலாம். இலைகளில் நீலமும் வெள்ளையுமாகப் படிந்திருக்கும் பூச்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த மருந்தை நம் விவசாயிகள் 'போர்டோ கலவை' என்கிறார்கள். போர்டோ என்பது பிரான்சின் புகழ்பெற்ற திராட்சைச் சீமையின் பெயர். அங்கே சாலையோரக் கொடிகளில் போகிறவர் வருகிறவர் பழம் பறித்துத் தின்னாமல் இருக்க, பார்த்தாலே அருவருக்கும்படி இந்தக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். அப்படித் தெளித்த கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்கவில்லை என்பதை மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து 1885-ல் முடிவை வெளியிட்டார். அதே கலவை இன்று கொடைரோட்டுப் பந்தலிலும் கொடியைக் காக்கிறது. தோட்டக்காரரிடம் "போர்டோ கலவை அடிச்சு எத்தனை நாளாச்சுண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று அவர் முகம் மலரும், பேச்சும் தொடங்கிவிடும்.

அந்தக் கேள்வி பேச்சுக்காக மட்டும் அல்ல. மருந்து அடித்த பந்தலில் கை நீட்டிப் பறித்து வாயில் போடக் கூடாது. பழத்தை நன்றாகத் தண்ணீரில் அலசி, கொஞ்ச நேரம் உப்புத்தண்ணீரில் போட்டு வைத்து, மறுபடி அலசியே தின்ன வேண்டும். குழந்தைகளுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். இன்னும் சில நடைமுறைகள்:

கேட்காமல் பறிக்காதீர்கள். ஒரு கொத்து நமக்கு ஒரு வாய், அவருக்கு எடையில் குறையும் காசு.

கம்பியைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஒரு கம்பி தளர்ந்தால் பந்தலே சரியும்.

பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது, பயணம் தாங்காது. ஊருக்கு வாங்கிப் போவதாக இருந்தால் கிளம்பும் நாளில் வாங்கி, அட்டைப்பெட்டியில் காகிதம் பரப்பி அடுக்கி, இரண்டு நாளுக்குள் தின்று தீருங்கள்.

தோட்டத்தில் விலை பேசும்போது சாலையோரக் கடையின் விலையைக் காட்டி அடித்துப் பேசாதீர்கள். மழை ஒரு இரவு தப்பிப் பெய்தால் பழம் வெடித்து முழு வெள்ளாமையும் போகும் பயிர் இது.

இரண்டு இரவுத் திட்டம்

முதல் நாள் நாலு மணிக்குள் வந்து சேருங்கள். எங்கும் ஓடாதீர்கள். தோப்பைச் சுற்றி நடங்கள், வாய்க்காலில் காலை நனையுங்கள், மலை நிறம் மாறுவதைப் பாருங்கள். நேரம் இருந்தால் கன்னிவாடிக்குப் பக்கத்தில் சோமலிங்கபுரத்துச் சோமலிங்க சுவாமி கோயிலுக்குப் போய்வரலாம். மலையடிவாரத்தில் சித்தர் குகையோடு இருக்கிற அமைதியான இடம்.

இரண்டாம் நாள் விடியலில் கொடைரோட்டுப் பக்கம் திராட்சைத் தோட்டம். திரும்பும் வழியில் காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனம் அது, 1956-ல் அங்கே கிராமியப் பல்கலைக்கழகத்தின் வித்து ஊன்றப்பட்டது. அருகிலேயே சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன நெசவாளர் ஊர். தறி ஓடும் சத்தம் கேட்கும் தெருவில் நின்று சேலை எடுப்பதும் நகரத்துக் கடையில் எடுப்பதும் ஒன்றாகாது. மதியம் விடுதிக்குத் திரும்பித் தூங்குங்கள். சாயங்காலம் ஆத்தூர் காமராஜர் அணை. குடகனாற்றின் குறுக்கே, மலை மூன்று பக்கமும் சூழ நிற்கும் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரத்தின் தாகத்தை நெடுங்காலமாகத் தணித்து வருவது இந்த நீர்தான். குடிநீர் என்பதால் குளிக்கவும் துவைக்கவும் இறங்க வேண்டாம். நாரை, கொக்கு, நீர்க்காகம் பார்க்க ஒரு தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

மூன்றாம் நாள் காலை தருமத்துப்பட்டியிலிருந்து மலையேறும் பாதையில் ஆடலூர், பன்றிமலை. குறுகலான வளைவுகள். மலைப்பாதை பழகிய டிரைவர் வேண்டும், பகலிலேயே இறங்கிவிட வேண்டும். மலை வேண்டாம் என்பவர்களுக்குத் திரும்பும் வழியில் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோபிநாத சுவாமி மலைக்கோயில் இருக்கிறது. ஆடு மாடு வளர்ப்பவர்கள் நேர்ந்துகொண்டு வரும் கோயில் அது. இரண்டையும் ஒரே காலையில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

காட்டோரம் என்பதை மறக்காதீர்கள்

கன்னிவாடி வனச்சரகம் விடுதியின் வேலிக்கு அப்பாலேயே தொடங்கிவிடலாம். யானையும் காட்டுமாடும் தோட்டங்களுக்கு இறங்கி வருகிற பகுதி இது. வாழையும் தென்னையும் ஒரே இரவில் போய் நிற்கிற விவசாயிகளின் ஊர். ஆகவே இருட்டிய பிறகு வேலிக்கு வெளியே நடக்காதீர்கள். யானை வந்திருக்கிறது என்று ஊர்க்காரர் சொன்னால் பார்க்க ஓடாதீர்கள், படம் எடுக்க விளக்கடிக்காதீர்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்குப் போனால்கூட டார்ச் அடித்து, செருப்புப் போட்டு நடங்கள், பாம்பு புழங்கும் இடம். அவசரத்துக்கு 108, பெரிய சிகிச்சைக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தினமும் மருந்து எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கு அதிகமாகவே கொண்டு வாருங்கள்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டம் இருக்கட்டும், இந்தக் காட்டோர மாடும் மானும் பையைத் தின்றால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டால் போதும். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள்.

பணமும் காகிதமும்

ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். சொன்ன வாடகையில் வரி சேர்த்தியா, சாப்பாடு சேர்த்தியா என்று முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது. எல்லோரும் அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்களை அழைத்துப் போனால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் படிவம் சி பதிய வேண்டும், எல்லாச் சின்ன விடுதிகளுக்கும் அந்த ஏற்பாடு இருக்காது.

வரமுடியாமல் போனால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொல்லுங்கள். நூறு அறை ஓட்டலில் ஒரு அறை காலியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. நாலு அறை வீட்டில் அது அன்றைய சம்பாத்தியத்தில் கால்பங்கு.

பிரான்சுக்கே போகிறவர்களுக்கு

கன்னிவாடியில் பழகிய பழக்கம் போர்டோவிலும் பர்கண்டியிலும் அப்படியே கைகொடுக்கும். அங்கும் இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், வரவேற்பில் இரவு முழுக்க ஆள் இருக்க மாட்டார்கள். அங்கும் இரவுச் சாப்பாட்டை முன்பே சொல்ல வேண்டும். கிராமத்து உணவகங்கள் பல ஞாயிறு இரவில் மூடியிருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வைத்துவிடக்கூடும். இறைச்சி, மீன், முட்டை எது கூடாது என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். சின்னத் தோட்டக்காரரின் ஒயின் நிலவறையைப் பார்க்க நேரம் வாங்கிக்கொண்டே போக வேண்டும். அறுவடை வாரங்களில் அவருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது. சுவைத்துப் பார்த்த ஒயினை அதற்கென்று வைத்த பாத்திரத்தில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவாகாது. வண்டி ஓட்டுகிறவர் துப்பியே ஆக வேண்டும், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் சட்ட வரம்பு. வாடகையோடு தலைக்கு இவ்வளவு என்று தங்கல் வரியும் வரும். 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த செந்த்-எமிலியோன், 2015-ல் சேர்த்த பர்கண்டித் தோட்டங்கள், இரண்டிலும் நீங்கள் பார்க்கப் போவது தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் கொடி வளர்த்த குடும்பங்களின் உழைப்பைத்தான். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தவருக்கு அது சட்டென்று புரியும்.

கிளம்பும் காலை

கணக்கை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். காலையில் பணப் பேச்சு இருக்கக் கூடாது. சமைத்தவருக்கும் அறை கூட்டியவருக்கும் தனித்தனியாக, கையில் கொடுங்கள். குழாய் ஒழுகியிருந்தாலும், குழம்பில் காரம் மிஞ்சியிருந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்து இணையத்தில் எழுதாமல், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். சின்ன விடுதிக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. நீங்கள் சொன்னதை அவரே கேட்டு, அவரே ஒரு குறடு எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்வார். அடுத்து வருகிறவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அது.

நல்லது இருந்தாலும் சொல்லுங்கள், என்ன நல்லது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்பதைவிட, "நேத்து வச்ச மொச்சைக் குழம்பு எங்க ஆத்தா கைப்பக்குவம் மாதிரியே இருந்துச்சுக்கா" என்று சொன்னால், அடுத்த முறை நீங்கள் போன் செய்யும்போது பெயர் கேட்க மாட்டார். "மொச்சைக் குழம்பு வைக்கட்டுமா?" என்றுதான் கேட்பார்.